திருமேனி திணறிய மாலை

செவ்வாயின் வடக்குக் குடியிருப்பில் காலைக் காப்பிக்கு முன்னால் யாராவது ஒருவருடைய துக்கத்தை அனுபவித்துவிடுவது வழக்கம். காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உணர்வு வில்லையைத் தட்டினால் போதும். எங்கோ வீடிழந்த ஒருத்தியின் பசி கொஞ்ச நேரம் வயிற்றைக் கிள்ளும். கண்ணில் நீர் கட்டும். துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இப்படிப் பிறர் பட்டதை அப்படியே நமக்குள் ஏற்றிவிடும் ஆவணப்படங்களுக்கு உணர்படம் என்று பெயர். பார்ப்பவரின் உயிருக்கு ஆபத்து வராதபடி வலி ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அந்தத் தடுப்பை மட்டு என்பார்கள்.

அங்கயற்கண்ணி அங்கே பேர்பெற்ற உணர்படக்காரி. தண்ணீர்ப் பங்கீடு, சுரங்கக்காரர்களின் இருமல் என்று எதையாவது படமாக்கிக்கொண்டே இருப்பாள். மனிதர்கள் தெரியாமல்தான் தப்பு செய்கிறார்கள், உணரவைத்தால் திருந்திவிடுவார்கள் என்று நம்பியிருந்தாள். தம்பி பரிதி செத்ததோடு அந்த நம்பிக்கையும் போயிற்று.

பரிதி கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்பவன். குடியேற்ற நாள் கொண்டாட்டத்தில் அலங்கார விளக்குகளுக்கு மின்சாரம் போதவில்லை என்று, அவன் உள்ளே இருக்கும்போதே தொட்டிக்குள் காற்று விடும் காற்றிழுப்பானை நிறுத்திவிட்டார்கள்; அவன் மூச்சுத் திணறிச் செத்தான். நிறுத்தச் சொன்னவர் நிர்வாகி திருமேனி. தொழிலாளியின் கவனக்குறைவு என்று விசாரணையை முடித்தார்கள். துக்கம் கேட்க வந்த திருமேனி வாசலிலேயே நின்று, "விதிம்மா, யார் என்ன பண்ண முடியும்?" என்றார். சொல்லும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, பரிதியோடு வேலை பார்த்த செங்கமலம் அவனுடைய தலைக்கவசத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"அக்கா, அவன் கடைசி மூச்சு வரைக்கும் இதுல பதிவாயிருக்கு. நிர்வாகி சொல்லித்தான் நிறுத்தறோம்னு மேஸ்திரி பேசினதும் இருக்கு. குடியிருப்புச் சபையில போட்டுக் காட்டுங்க. விசாரணையைத் திரும்ப எடுக்கட்டும்."

"காட்டறேன்" என்றாள் அங்கயற்கண்ணி.

முதலில் அவளே அதை அனுபவித்துப் பார்த்தாள். மட்டு இருந்தும் மூச்சு முட்டியது. தம்பி இருட்டில் ஏணியைத் தேடித் தடவிய கை அவள் கையாயிற்று. முடிந்ததும் நெடுநேரம் தரையில் கிடந்தாள். எழுந்தபோது சபை, விசாரணை எதுவும் அவள் மனத்தில் இல்லை. அந்த ஆள் திணற வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். படத்தைச் சபைக்குத் தகுந்தபடி வெட்டி ஒட்டினாள். திருமேனியின் இருக்கைக்குப் போகும் இணைப்பில் மட்டும் மட்டு என்ற அந்தத் தடுப்பைக் கழற்றிவிட்டாள்.

படம் ஓடிய மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் விசும்பினார்கள். முன்வரிசையில் திருமேனி கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. நகத்தால் தரையைப் பிறாண்டினார். அங்கயற்கண்ணி கண் கொட்டாமல் பார்த்தாள். அத்தனை நாளாக நெஞ்சில் எரிந்தது அப்போதுதான் சற்றுத் தணிந்தது.

படம் முடிந்தது. திருமேனி சாகவில்லை. தட்டுத்தடுமாறி எழுந்து, அழுதுகொண்டே வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உன் தம்பியாவே செத்துப் பிழைச்சேன்மா. இனிமே நான் பழைய ஆள் இல்லே."

அவள் கையை உதறினாள். "உங்க இருக்கைக்கு மட்டும் அந்தத் தடுப்பை எடுத்தது நான்தான். நீங்க சாகணும்னுதான் எடுத்தேன்."

திருமேனி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்குத்தாம்மா நன்றி சொல்றேன்" என்றார்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. விசாரணையைத் திரும்ப எடுப்பதா என்று வாக்கெடுக்க வேண்டிய சபைத்தலைவி எழுந்தபோது அவள் குரலும் கம்மியிருந்தது. "செத்தவர் பட்ட அவஸ்தையை நிர்வாகி முழுசாப் பட்டுட்டார். நாமும் நம்ம பங்குக்குப் பட்டுட்டோம். இதுக்கு மேல யாரை என்ன தண்டிக்கறது?"

ஒரு கைகூட எதிர்த்து உயரவில்லை. திருமேனி அந்த மேடையிலேயே ஓர் அறிவிப்பும் செய்தார்: தொட்டியில் இறங்கும் எல்லோருக்கும் இன்னும் நுட்பமாகப் பதியும் தலைக்கவசம் தரப்படும், இனி எந்தத் தொழிலாளியின் துன்பமும் பதிவாகாமல் போகாது. காற்றிழுப்பானைப் பற்றி அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அங்கயற்கண்ணி கூட்டத்தில் செங்கமலத்தைத் தேடினாள். அன்று மாலை அவளுடைய வேலை முறை; மாற்றித் தரவில்லையாம். அவள் தொட்டிக்குள் இருந்தாள்.

வெளியே வரும் வழியில் ஓர் இளம் தம்பதி அவளை நிறுத்தினார்கள். பெண்ணின் கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

"மனசே லேசாயிடுச்சுங்க" என்றாள் அவள். "அடுத்த படம் எப்போ வரும்?"