திரையில் மாறாத இரண்டு

திரையின் இடது மூலையில் 2 தெரிந்தது. அந்த 2-ஐக் காட்டும் நிரல் வரியை, காலையில் மனைவி கடைக்குப் போனதுமே அவன் அழித்திருந்தான்.

ஓராண்டாக, வேலையையும் விட்டுவிட்டு, சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருந்தான். அதைத் தட்டி எழுப்ப வேண்டிய சின்னஞ்சிறு பூட்லோடர்தான் மக்கர் செய்தது. எங்கே சிக்குகிறது என்று பார்க்க அதற்குள் எண்கள் வைத்திருந்தான். பூட்லோடர் விழித்தால் 1, பென் டிரைவைப் படித்துவிட்டால் 2, இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைத்தால் 3. மூன்றை இதுவரை கண்டதில்லை. இன்று மதியத்துக்குள் காணாவிட்டால் மனைவி அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பெட்டி கூடத்தில் தயாராக நின்றது.

வெளியே மழை. ஜன்னல் சாத்திய அறையில் பழைய கணினியின் விசிறி நெஞ்சில் சளி கட்டியவன் போல இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. சுட்ட தூசியின் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் ஒன்றோடொன்று கலந்து அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் கனத்துக் கிடந்தன.

வாசல் கதவு திறந்தது. கடைக்குப் போயிருந்த மனைவி குடையை உதறும் சத்தம்.

2 மறைந்து 3 வந்தது.

"ஓடிடுச்சு!"

அவள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதுக்குத்தான் வேலையை விட்டீங்களா? இந்த ஒத்தை மூணை நான் சாக்பீஸ்லயே எழுதிக் குடுத்திருப்பேனே!"

பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போனாள். 3 மறுபடி 2 ஆனது.

"நில்லு! ரெண்டே நிமிஷம் உள்ள வாயேன்."

அவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் 3.

"என்னையும் டெஸ்ட்டுக்கு எடுத்தாச்சா? வண்டி வர்ற வரைக்கும்தான். தண்ணி பிடிச்சுட்டுக் கிளம்பிடுவேன்." சமையலறைக்குள் போனாள். குழாய் திறந்தது. பாட்டிலில் தண்ணீர் விழும் ஓசை.

அவன் பென் டிரைவை உருவினான். 3 போகவில்லை. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். விசிறி நின்றது. கணினியின் விளக்குகள் அணைந்தன.

கறுத்த திரையில் 3.

அவள் வந்தால் மூன்று. அவள் போனால் இரண்டு. அவன் தனியாக இருந்த காலை முழுவதும் இரண்டு.

அது அவன் எழுதிய நிரலின் எண் அல்ல. வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கை.

அவளை வெளியே போகச் சொல்ல வேண்டும். எழுந்தான்.

3 மறைந்தது.

2.

வாசல் கதவு திறக்கவில்லை. கூடத்தில் காலடி கேட்கவில்லை. சமையலறையில் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டில் நிரம்பி வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

"ஏய்..."

சமையலறையை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"ஏய்... என்னம்மா?"

குழாயை யாரோ மெல்லத் திருகி மூடினார்கள். கடைசிச் சொட்டும் நிற்கும்வரை, இறுக்கமாக.