ரெண்டாம் பாகத்துக்கு வந்த கூட்டம்

தியேட்டரிலிருந்து முதலில் வெளியே வந்தவரின் பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. ஜாஸ்பர் அதைக் கவனித்தான். ஆனால் மைக்கை நீட்டுகிற அவசரத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை. தக்கலையில் அன்று காலையிலிருந்து ஒரு பொட்டு மழை கிடையாது. வானம் மட்டும் மூடிக்கொண்டு, இதோ பெய்கிறேன் என்று மிரட்டியபடி நின்றது. மேட்னி முடிகிற நேரத்திலேயே தெருவிளக்குகளைப் போட்டுவிட்டார்கள்.

“அண்ணே, படம் எப்படி இருந்துது?”

“ஒண்ணுக்கும் கொள்ளாது. மொத பாகத்துலயே அவன் செத்திருக்கணும். பெறவு எதுக்கு ரெண்டாம் பாகம்?”

பேசுகிறவர்கள் கேமராவைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இவர் ஜாஸ்பரின் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்.

செல்போனை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு எதிரே நின்ற டெனிஷ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவன் ஜாஸ்பரின் சித்தப்பா மகன். படம் பார்த்து வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு யூடியூபில் போடுகிறவன். நல்லதாகச் சொன்னால் நாலு பேர் பார்ப்பார்கள், கழுவி ஊற்றினால் நாடே பார்க்கும் என்பது அவன் கண்டுபிடித்த தொழில் ரகசியம். இனிக் கடலுக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் முடங்கிய ஜாஸ்பரை இழுத்துவந்து கையில் மைக்கைக் கொடுத்தவனும் அவன்தான். படமோ பேய்ப்படம். சாவுக்குத் தப்பிய ஒருவனைச் சாவு மறுபடி தேடி வருகிற கதை. ஜாஸ்பர் முதல் பாகத்தையும் பார்க்கவில்லை, இதையும் பார்க்கிற எண்ணமில்லை. அந்த மாதிரிக் கதை அவனுக்கு ஆகாது.

ஆகாததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் குளச்சலுக்கு மேற்கே உள்ள அவன் ஊரிலிருந்து நாலு பேர் போன வள்ளம் ஆழ்கடலில் கவிழ்ந்தது. ஆன்ட்ரூஸும் ஷாஜனும் அனிஷும் அவன் கண்முன்னாலேயே ஒவ்வொருவராகக் கை நழுவிப் போனார்கள். மண்ணெண்ணெய் கேனைக் கட்டிப்பிடித்துக் கிடந்த ஜாஸ்பரை யாரோ வடக்கத்திப் படகுக்காரர்கள் தூக்கினார்கள். நினைவில்லாமல், பேர் தெரியாத ஆளாக அவன் ஒரு தூரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இங்கே ஊரில் அவனுக்குத் துக்கமணி அடித்தாயிற்று. கடலில் போனவனின் உடம்பு கிடைக்காவிட்டால் அவன் உடுத்த துணியைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது அந்தக் கரையின் வழக்கம். அவன் மனைவி ஷிஜி, தங்கள் கல்யாண நிச்சயத்தன்று அவன் போட்டிருந்த வானநீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் நாலு பெட்டிகளையும் மணலுக்குள் இறக்கி, நாலு சிலுவை நட்டார்கள்.

பிறகு அவன் உயிரோடு வந்து நின்றான். அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள், அந்தப் பெட்டியைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று ஃபாதர் சொன்னார். ஜாஸ்பர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

“அது அங்க கெடக்கட்டும் பிள்ளே,” என்று ஷிஜியிடம் சொன்னான். “ஜாஸ்பரு அடங்கியாச்சுன்னு இருக்கட்டும். பெறவு யாரும் என்னத் தேடி வரமாட்டாவ.”

“யார ஏமாத்தப் பாக்கிய நீங்க?” என்றாள் அவள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற புத்தி என்று ஊரும் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் மூச்சு வருகிறதா என்று பார்ப்பான். வந்தது. அது போதும் அவனுக்கு. தன் பேர் எழுதிய சிலுவை ஒரு பூட்டு மாதிரி அங்கே நிற்பதாக நினைத்துக்கொண்டு பயமில்லாமல் சாப்பிட்டான், தூங்கினான்.

அடுத்து ஒரு நடுவயதுப் பெண் வந்தார். சேலைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அக்கா, படம் எப்படி?”

“வெறும் பெட்டியப் பொதச்சு வச்சா சாவு நம்பிடுமா? கேக்கிறவன் கேனையனா?”

ஜாஸ்பர் மைக்கை இன்னும் அருகே நீட்டினான். “எந்தப் பெட்டி அக்கா?”

“படத்துலதான். உள்ள ஒரு நீலச்சட்ட மட்டும் கெடக்கு. அவ்வளவுதான் கத.”

அவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தன் செய்தி அப்போது எல்லாப் பேப்பரிலும் வந்ததே, எவனோ சினிமாக்காரன் படித்துவிட்டுத் திருடியிருக்கிறான். கோபப்படுவது நல்லதாக இருந்தது, அதன் பின்னால் நின்ற இன்னொன்றை அது மறைத்தது. சட்டையின் நிறம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

உள்ளேயிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஏசிக் காற்றோடு வரவேண்டிய பாப்கார்ன் வாசனைக்குப் பதில் உப்பும் மண்ணெண்ணெயும், கருவாட்டுக் கூடையில் ஊறிய கயிற்றின் வாடையும் வந்தது. அது அந்த நாளின் வாடை, கேனில் முகத்தைப் புதைத்துக் கிடந்தபோது மூக்குக்குள் ஏறி இன்றுவரை முழுதாக இறங்காத வாடை. சிமென்ட் படிகளில் செருப்புகள் சளக் சளக்கென்று விழுந்தன. விழுந்த இடத்திலெல்லாம் வெள்ளை மணல் அப்பியது. தக்கலையில் ஏது கடல் மணல்?

“கூடப் போன மூணு பேரும் போயாச்சு. இவனுக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?” என்றான் ஒரு இளைஞன்.

“அவன் சாவலன்ன ஒடனே எனக்கு வெறுப்பாயிட்டு,” என்றாள் அவனோடு வந்தவள்.

“இப்படி ஒருத்தன் பொழைக்கணுமாக்கும்? தூ,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“செம்மயா போவுது அண்ணே, விடாதீங்க,” என்றான் டெனிஷ், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு வயதானவர் தாமாகவே மைக்கின் முன்னால் வந்து நின்றார். ஜாஸ்பர் கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டான்.

“கடைசில என்ன ஆவுது?”

“இன்னும் முடியல்ல மக்கா. ஒருத்தன் பாக்கி இருக்கான்லா.”

பேசி முடித்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தான். பைக் கிளம்புகிற சத்தமில்லை. ஆட்டோவைக் கூப்பிடுகிற குரல் இல்லை. எல்லோரும் அவனைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் கண் சிமிட்டவில்லை.

கடைசியாக ஒரு ஆள் வெளியே வந்தான்.

வானநீலச் சட்டை. தோளில் ஈர மணல். மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் கறுப்பு நூலால் தைத்தது. ஷிஜி தைத்தது.

முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஜாஸ்பர் நினைத்தான். பார்த்தான்.

தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

வாய் பழக்கத்தில் கேட்டது: “படம் எப்படி?”

“இன்னும் முடியல்ல,” என்றான் சட்டைக்காரன். ஜாஸ்பரின் குரலில். கையை நீட்டி மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டான். விரல்கள் சில்லென்றிருந்தன.

செல்போன் அடித்தது. ஜாஸ்பர் தன் பாக்கெட்டைத் தொட்டான். காலி. சத்தம் நீலச் சட்டையிலிருந்து வந்தது.

“சொல்லு பிள்ளே,” என்றான் அவன். “இன்னா வந்திட்டேன். சோறு எடுத்து வையி.”

“போலாமா அண்ணே?” டெனிஷ் ஸ்டாண்டை மடக்கினான். ஹெல்மெட்டை நீட்டினான். சட்டைக்காரனிடம்.

டெனிஷே, நான் இங்க நிக்கேன்லே. கத்தினான். சத்தம் வரவில்லை. வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. அவன் ஒரு அடி பின்னால் போனான். இன்னொரு அடி. முதுகில் கதவு தட்டியது. எத்தனையோ ஈரக் கைகள் நெஞ்சில் படிந்தன. தள்ளக்கூட இல்லை, சும்மா வைத்தார்கள். கதவு திறந்தது.

இருட்டு.

காலுக்கடியில் மணல். கணுக்காலில் தண்ணீர். முன்னால் எங்கோ வெள்ளைத் திரை.

“ஏலே ஜாஸ்பரு.”

ஷாஜனின் குரல்.

“இஞ்ச வா. எடம் போட்டு வச்சிருக்கோம்.”

நடு வரிசையில் மூன்று தலைகள். இடையில் ஒரு காலி சீட். போகக் கூடாது. கால் போனது. உட்கார்ந்தான். சீட்டின் இரண்டு கைகளும் விலாவை நெருக்கின. மரம். புது மரத்தின் வாசனை. ஆணி.

இந்தப் பக்கம் ஆன்ட்ரூஸ். அந்தப் பக்கம் அனிஷ். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குக் கண் இல்லை.

திரையில் வெளிச்சம் வந்தது.

அவன் தெரு. முனையில் சின்னக் கோயிலாய் அந்தோணியார் குருசடி. டெனிஷின் பைக் நின்றது. நீலச் சட்டை இறங்கியது. பச்சைக் கதவு. தட்டியது.

ஷிஜி, தெறக்காத. தெறக்காத பிள்ளே.

திறந்தாள். கையில் சோற்றுக் கரண்டி. வந்தவன் முகத்துக்கு அவள் கண் போகவில்லை. சட்டையில் நின்றது. கறுப்பு நூல் தைத்த பட்டனில் நின்றது. கரண்டி கீழே விழுந்தது.

அவள் வாய் திறப்பதற்குள் அவன் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினான். திரையில் அந்தப் பச்சைக் கதவு மட்டும் இருந்தது. அதன் அடியிலிருந்து வெள்ளை மணல் வெளியே வழியத் தொடங்கியது.