நான்கு மூலையிலும் சத்தம்

“ஐயோ...!”

அந்த அலறல் கேட்டும் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்க மாட்டார்கள். மூடிக்கிடக்கும் அச்சகத்தின் அடித்தளத்தில்தான் ‘கரகரப்பு’ இசைக்குழு ஒத்திகை பார்க்கும். அலறுவதும் அவர்கள் இசையில் சேர்த்திதான்!

ஆனால் இந்த அலறல் நிஜம்.

ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு விளக்கைப் போட்ட, கிட்டார்க்காரனின் தங்கைதான் அலறினாள். படிக்கட்டின் கீழே டிரம்மர் விழுந்து கிடந்தான். தலைக்கடியில் ரத்தம். பக்கத்தில், குழுவினர் தட்டி வாசிக்கும் இரும்புக் குழாய்... அதன் நுனியிலும் ரத்தம்!

மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் போனது. போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. பெற்ற பிள்ளை சொன்னாலும் ஒரு முறை சரிபார்க்கிற ரகம்.

“உள்ளே யார் யார் இருந்தீங்க?”

“நாங்க நாலு பேர்தான் மேடம்” என்றாள் தங்கை. “நான் பேஸ் கிட்டார். அண்ணன் கிட்டார். இவர் கீபோர்டு. அப்புறம்... டிரம்மர்.”

அண்ணன் தாடியைச் சொறிந்தான். சோடாபுட்டி என்று எல்லோரும் கூப்பிடும் கீபோர்டுக்காரன் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

“ஒருத்தன் மண்டை உடையுறது மூணு பேருக்கும் தெரியலையா?”

“விளக்கை அணைச்சுட்டு, ஆளுக்கு ஒரு மூலையில சுவரைப் பார்த்து நின்னு வாசிப்போம் மேடம். ரிக்கார்டர் ஓடி முடியுற வரைக்கும் யாரும் திரும்பக் கூடாது, பேசக் கூடாது. அண்ணன் போட்ட சட்டம்.”

“மூஞ்சியைப் பார்த்தா காது வேலை செய்யாது” என்றான் அண்ணன்.

கான்ஸ்டபிள் தலையில் அடித்துக்கொண்டார்.

“இதே நாலு பேர்தான் ஆரம்பத்துலேர்ந்தா?”

“இல்ல மேடம். ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகுது. டிரம்ஸுக்கு இவர் நாலாவது ஆள். ஒரு வயலின் அக்கா இருந்தாங்க. ரம்பம் வாசிக்கிற தச்சர் ஒருத்தர் இருந்தார். எல்லாரும் போயிட்டாங்க.”

“போனாங்களா... போக வெச்சாங்களா?”

“இவன்தான் துரத்தினான் மேடம்!” சோடாபுட்டி முந்திக்கொண்டான். “இந்த டிரம்மரையும் நேத்து ‘கொன்னுடுவேன்’னு கத்தினான்.”

“டேய்! கோபத்துல ஆயிரம் சொல்லுவோம்!”

“அதுல ஒண்ணைச் செஞ்சிருப்பே!” என்றார் இன்ஸ்பெக்டர்.

தங்கை அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள். பெற்றவர்கள் போன பிறகு தாயும் தகப்பனுமாக நின்று அவளை வளர்த்தவன் அவன். டிரம்மர் பிழைக்காவிட்டால் இது கொலை வழக்கு!

“அண்ணன் மூலையை விட்டு நகரவே இல்ல மேடம். ரிக்கார்டிங்கைக் கேளுங்க. கிட்டார் ஒரு நொடிகூட நின்னிருக்காது!”

அண்ணனின் முகம் வெளுத்தது.

“அதெல்லாம் எதுக்கு...”

“ஏன் வேணாங்கறே?” இன்ஸ்பெக்டரின் கண்கள் சுருங்கின. “போடும்மா.”

கர்ர்ர்... கொய்ங்... டமார்!

கான்ஸ்டபிள் காதைப் பொத்திக்கொண்டார். கிட்டார் நிற்கவே இல்லை. தங்கைக்கு உயிர் வந்தது.

வந்த வேகத்தில் போனது.

கிட்டாரில் ஒரு கீறல்... ஒரு கம்பி நழுவல். கொஞ்சம் பொறுத்து அதே கீறல், அதே நழுவல். மறுபடியும் அதே!

“என்னம்மா ஆச்சு?”

“ஒ... ஒண்ணுமில்ல மேடம்.”

“உன் மூஞ்சி அப்படிச் சொல்லலையே.”

சொன்னால் அண்ணன் உள்ளே. சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனுக்கு யார் பதில் சொல்வது? அவள் கண்ணில் நீர் முட்டியது.

“கிட்டார்... வாசிச்சதையே திரும்ப வாசிக்குது மேடம். வாசிக்கிறப்போ என் சத்தத்துல கவனிக்கல.”

“பல்லவின்னா திரும்ப வரத்தானே செய்யும்?” என்றார் கான்ஸ்டபிள்.

“எங்க குழுவுல வராது சார். வாசிச்சதை மறுபடி வாசிச்சா அன்னைக்கே வெளியே! அப்படித்தான் அத்தனை பேரும் போனாங்க. இது கை வாசிச்சது இல்ல, லூப் பெட்டி. காலால மிதிச்சுவிட்டா கடைசியா வாசிச்சதையே சுத்திச் சுத்தி வாசிக்கும்.”

இன்ஸ்பெக்டர் அண்ணனின் சட்டையைப் பிடித்தார்.

“பெட்டியை வாசிக்க விட்டுட்டு, இருட்டுல போய் அவனைப் போட்டிருக்கே!”

“இல்லைங்க! நான் அந்த ரூம்லயே இல்ல! பக்கத்து ஹோட்டல்ல ஒரு பிறந்தநாள் பார்ட்டி... மெல்லிசைக் குழுவோட... சினிமாப் பாட்டு வாசிச்சுக்கிட்டிருந்தேன்! அலறல் கேட்டப்போதான் பின்கதவு வழியா உள்ளே வந்தேன்!”

போனை நீட்டினான். வீடியோவில் ஜிகினாக் கோட்டு போட்ட அண்ணன் இடுப்பை ஆட்டி ஆட்டி வாசித்தான். வீடியோ முடிந்த நேரத்துக்கும் அலறலுக்கும் நடுவே ஓடி வரத்தான் நேரம் இருந்தது.

“சினிமாப் பாட்டா?!” தங்கைக்குக் கொலை முயற்சியைவிட இதுதான் பெரிய இடி.

இன்ஸ்பெக்டர் சோடாபுட்டியிடம் திரும்பினார். “அப்போ நீ!”

தங்கை ரிக்கார்டரில் காதை வைத்தாள். “கீபோர்டும் சுத்துது மேடம்!”

“பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டுப் போய் வீட்ல விட்டுட்டு வந்தேன் மேடம்... லேட்டானா என் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா! அலறல் கேட்டு நான் ஓடி வந்தப்போ, இவன் பின்கதவுல நுழைஞ்சதைப் பார்த்தேன். சொன்னா நானும் மாட்டுவேனே!”

கான்ஸ்டபிள் பள்ளிக்கும் போன் போட்டார், மனைவிக்கும் போட்டார். உண்மை!

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

தங்கையின் பக்கம்!

“ஆக, இருட்டு ரூம்ல ரெண்டே பேர். ஒருத்தன் மண்டை உடைஞ்சிருக்கு. மிச்சம்... நீ!”

“மேடம்!”

அண்ணனைக் காப்பாற்றப் போய்த் தானே சிக்கிக்கொண்டாள். ரிக்கார்டரை மறுபடி ஓடவிட்டாள்.

டமால்... டுப்... டமால். சற்றுப் பொறுத்து, அதே டமால். அதே டுப்!

“மேடம்... டிரம்ஸும் பெட்டிதான்!”

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. டிரம்மர் கண் விழித்துவிட்டான்!

“யாரும் அடிக்கல மேடம்...” ஸ்பீக்கரில் அவன் முனகினான். “வேற குழுவுல சேர வாசிச்சுக் காட்டப் போயிருந்தேன்... ரிக்கார்டர் நிக்கிறதுக்குள்ள வந்துடணும்னு இருட்டுல ஓடி வந்தேன். படி வழுக்கி அந்தக் குழாய் மேலயே...”

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார்.

“கேஸே இல்ல. கிளம்புய்யா!”

தங்கை அசையவில்லை.

“அப்போ அந்த இருட்டுல... நான் ஒருத்திதான் வாசிச்சுக்கிட்டிருந்தேனா? எத்தனை நாளா அண்ணா?”

“நான்... போன மழைக்காலத்துலேர்ந்து...”

அவமானத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது தீர்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேஸ் கிட்டாரை மாட்டினாள்.

“குழுவுல ஆள் மாறுது. மூணு பேரும் வெளியே!”

“பைத்தியமா உனக்கு? அப்புறம் யாரு வாசிப்பா?” என்றான் அண்ணன்.

“இத்தனை நாள் யாரு வாசிச்சாங்களோ, அவங்கதான்!”