ஆறாத வெந்நீர்

மின்சாரம் சோதிக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. லாசரஸ் இன்னொரு முறை ஒற்றிப் பார்த்தான். ஹீட்டரின் சுருள் அறுந்துதான் கிடந்தது. மெயின் சுவிட்சை அணைத்தே ஒரு மணி நேரமாகிவிட்டது. ஆனாலும் தொட்டிக்குள் முழங்கையை விட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிடோக் வட்டாரத்தில் அவர்கள் வாடகைக்கு எடுத்த பழைய வீட்டின் பின்பக்கம், தகரக் கூரைக்கடியில், முன்பிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் விட்டுப்போன மரத்தொட்டி அது. மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவன் மனைவி உர்சுலாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வெந்நீரில் உட்கார வைக்கச் சொன்னார் டாக்டர். இரண்டு மாதமாகச் சாயங்காலந்தோறும் லாசரஸ்தான் தூக்கி வந்து இறக்குவான். சூடு பத்தவில்லை என்று அவள் சொன்ன பிறகுதான் ஹீட்டரைத் திறந்தான்.

குழாயின் இரண்டு அடைப்பான்களையும் மூடி, சுருளைக் கழற்றி, தேக்கா கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினான். சாமான் கடை ஹனீபா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்த இடம் முழுக்கத் துரு.

"இது போயி மூணு நாலு வருஷம் இருக்கும் தம்பி. இத்தனை நாளா எப்படிச் சூடாச்சு?"

வெயிலாக இருக்கும் என்றான் லாசரஸ். வாரம் முழுக்க மழை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் உர்சுலா கட்டிலில் கண்ணயர்ந்திருந்தாள். சக்கர நாற்காலியைக் கட்டிலருகே நகர்த்திவிட்டு, பின்பக்கம் போய்ச் சுவரோரம் குந்தி வேலையைத் தொடங்கினான். கூரையில் மழை இரைய, ஈர மரத்தின் புளித்த வாடை மூக்கில் ஏற, புதுச் சுருளைப் பொருத்தி, திருகாணிகளை முறுக்கி, அடைப்பான்களைத் திறந்தான். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஒருமுறை தளும்பி அடங்கியது. திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. மீட்டரை வைத்தான். முள் துள்ளியது. சுவிட்சைப் போட்டதும் ஹீட்டர் மெல்ல முனகியது.

அரை மணியில் ஆவி எழும்பிற்று. அவளை அழைத்துவர உள்ளே போனான்.

கட்டில் காலி. நாற்காலி வைத்த இடத்திலேயே இருந்தது. பின்பக்கம் போக அந்த ஒரு நடைதான். அதில் யாரும் அவனைக் கடந்து வரவில்லை.

ஓடினான்.

உர்சுலா தொட்டிக்குள் இருந்தாள். கண் மூடி, தலையைப் பின்னால் சாய்த்து. தலைக்குப் பின்னே எதுவுமில்லை; தொட்டியின் விளிம்பு ஒரு முழம் தள்ளியிருந்தது.

"யாரு உன்னைத் தூக்கிட்டு வந்தது?"

"நீங்கதானே, இப்ப." குரலில் தூக்கம். "சூடு ரொம்ப ஏறுதுங்க. கையை மெதுவா வைங்க. வலிக்குது."

லாசரஸ் நாலடி தள்ளி நின்றான். ஒரு கை கதவு நிலையில். இன்னொன்றில் திருப்புளி.

அவள் வலது தோளில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நான்கு. ஐந்து.

பாய்ந்து சுவிட்சை அணைத்தான். முனகல் நின்றது.

தண்ணீர் நிற்காமல் சூடேறிக் கொதிக்கத் தொடங்கியது. குழிகள் ஆழமாயின. ஒவ்வொன்றாக நகர்ந்தன, தோளிலிருந்து, அவள் கழுத்துக்கு.