மூடும் குறி

ஆறரைக்கு எழுந்தான் முகுந்த். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். மூன்று மாதமாக இதுதான். இன்று மட்டும் வாஷ்பேசினில் மஞ்சளாக ஒரு கட்டிச் சளி ஒட்டியிருந்தது. அவனுக்குச் சளி இல்லை. புனேயின் ஔந்த் பகுதியில் இருந்த அந்த ஃபிளாட்டில் வேறு ஆளும் இல்லை. தண்ணீர் விட்டுத் தள்ளினான்.

சேவியர் போன் செய்தார். புனேயின் ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் எண்களைத் தொகுத்துத் தரும் இணையதளம் அவருடையது. அதைக் கட்டியவன் முகுந்த்.

"தேடிப் பாத்தியா தம்பி? மொதல்ல வந்துட்டிருந்த நம்ம சைட்டு நாலாவது பக்கத்துல கெடக்கு."

"பாத்தேன் சார்."

"லிங்க் குடுத்தவன்லாம் எடுத்துட்டான். உள்ள வந்தா ஈ மாதிரி பாப்-அப் விளம்பரமா மொய்க்குதாம். ஊரே காறித் துப்புனா தேடுற எஞ்சின் எதுக்குய்யா நம்மள மேல வைக்கும்? உன் கைவரிசைய நீயே புடுங்கிப் போடு. இன்னிக்கே."

கைவரிசைதான். விளம்பரத்தை மூடும் 'X' குறிக்குப் பின்னணியின் நிறத்தையே பூசியது அவன். மூட வந்தவன் தடுமாறி விளம்பரத்தையே அழுத்துவான். அதற்காக இதே சேவியர் பிரியாணி வாங்கித் தந்தார்.

ஒவ்வொன்றாக நீக்கினான். மெத்தை, ஜோசியம், வீட்டுக்கடன். கடைசியில் இருமல் மருந்து: அகலத் திறந்த ஒரு வாய், வெள்ளை படிந்த நாக்கு, அதற்குப் பின்னால் சிவந்து வீங்கி, எச்சில் நூல் இழுக்கும் தொண்டை. நீக்கிவிட்டுப் பக்கத்தைத் திறந்தான். வாய் வந்தது. அந்த ஃபைலையே அழித்தான். வந்தது. இணைய ஒயரைப் பிடுங்கினான்.

வந்தது. இப்போது இன்னும் பெரிதாக.

அறையில் ஒரு வாடை எழுந்தது. பல் தேய்க்காத வாயின் வாடை, அதனடியில் கெட்டுப்போன பாலின் புளிப்பு. அவன் மனைவி ஸ்ரீவித்யாவுக்கு ஆஸ்துமா. கோயம்புத்தூரிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஹிந்தியும் வராது, மராத்தியும் வராது. மூன்று மாதம் முன்பு, அன்று இன்ஹேலர் தீர்ந்ததும் ஆம்புலன்ஸ் எண்ணுக்காக இந்தப் பக்கத்தைத்தான் திறந்திருந்தாள். மாலை அவன் வந்தபோது அவள் கன்னம் கீபோர்டில் கிடந்தது. திரையில் இந்த வாய். எண் அதற்கு அடியில்.

நடுவில் பாணேரில் இருந்த அவன் ஆபீசுக்கு ஒரு முறை போன் செய்திருந்தாள். இழுத்து இழுத்துப் பேசினாள். மீட்டிங்கில் இருந்தான். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்டபோது, 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டாள் என்றான். எல்லோரும் அழுதார்கள்.

மூடும் குறியைத் தேடி விரலால் திரையைத் தடவினான். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. பிசுபிசுத்தது. விரலில் மஞ்சள்.

துடைத்தான். போகவில்லை. அழுக்கு உள்பக்கம்.

கம்ப்யூட்டரை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கினான்.

வாய் அணையவில்லை. தொண்டை அசைந்தது. சுருங்கியது. விரிந்தது. காற்றுக்கு.

கண்ணாடியில் ஆவி படர்ந்தது. உள்ளிருந்து.

நாக்கு எழுந்தது. மூச்சு சீறியது. அன்று போனில் வந்த அதே சொற்கள் வந்தன, அதே இழுப்போடு.

"ஏங்க... இத எப்படிங்க மூடறது?"