தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

திருப்புலிவனத்தைத் தாண்டி வீராசாமி வீட்டுக்கு நான் போனபோது வெயில் உச்சியில் இருந்தது. 1978, சித்திரை. ஊசி போடுகிற உத்தியோகம் எனக்கு. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீராசாமியைக் கருத்தடை முகாமுக்குக் கூட்டிப் போனவன் நான்தான். "ரெண்டு பயலுவளும் பொழைச்சுக்கிடுவானுவ, நான் வந்து ஊசி போடுதேன். எனக்கு ஒரு ஆள் குறையுதுப்பா" என்றேன். நம்பி வந்தான். பெண்டாட்டி பவளத்திடம் மறைத்துவிட்டான்.

என் எண்ணிக்கை முடிந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. கக்குவான் இருமல்தான் அங்கே போனது. இரண்டு பையன்களும் ஒரே வாரத்தில் செத்துப்போனார்கள்.

வாசலிலேயே வீராசாமி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், எனுக்குப் பண்ணது சரியாத்தான் பண்ணாங்களா? வூட்ல புள்ள கீதுன்றா."

உள்ளே இருட்டு. ஈரத் தவிட்டு வாசனை. தூளி தரையைத் தொடுகிற மாதிரி கனத்துத் தொங்கியது.

"மொள்ள பேசு சார்" என்றாள் பவளம். "இப்பத்தான் கண்ணசந்துச்சு."

"எப்பம்மா பொறந்தது?"

"பொறக்கல. வாங்கினேன்."

பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு, ஒருபிடி தவிடு கொடுத்து வாங்குவார்கள். எமன் ஏமாந்துபோவானாம். பவளத்திடம் போடப் பிள்ளை ஏது?

"வெறுங்குப்பையில தவுட்டக் கொட்டி, எம்புள்ளையக் குடுன்னேன். குடுத்துச்சு."

"யாரு?"

அவள் சிரித்தாள்.

வீராசாமி என் காதில் கெஞ்சினான். "நீயே சொல்லிடு சார். என்னால முடியல."

சொன்னேன். முகாம், ஆபரேஷன், எல்லாம். இனிமேல் பிறக்காது என்பதையும்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"ரெண்டு வருசமா கோயில் கோயிலா இட்டுக்கினு போனியே. மரத்துல நான் தொட்டில் கட்டச்சொல்ல, பக்கத்துல நின்னு கும்புட்டுக்கினு இருந்தியேய்யா."



தூளிக்குள் இருமல். மூச்சை உள்ளே இழுக்கும் அந்த நீளமான ஊளை.

அது அடங்குமுன் இன்னொன்று.

பவளம் எழுந்து தூளியை அவிழ்த்தாள். வெறும் புடவை. அதை என் தோளில் போட்டாள்.

"எனுக்கு வாணாம். ஊசி போடறேன்னியே, நீயே இட்டுக்கினு போ."

புடவையை வாசலிலேயே எறிந்துவிட்டு ஓடினேன். உத்திரமேரூர் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. பக்கத்து இடம் காலி.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சலித்துக்கொண்டார்.

"ரெண்டையும் மடியில வெச்சிக்க சார். பொம்பள நின்னுக்கினு வருதில்ல?"