இடது தடம்

பழைய விமான ஓடுதளத்துக்கு அவள் காருடன் வந்து சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. பேய்கள்கூட நிழல் தேடி ஒதுங்கும் வெயில்.

நேர்க்கோட்டுப் பந்தயத்துக்காக ஓடுதளத்தை இரண்டு தடமாகப் பிரித்திருந்தார்கள். இடது தடத்தில் ஒரு வருஷமாக யாரும் ஓட்டுவதில்லை. 'அவசரம்' என்று பட்டப்பெயர் வாங்கிய சாம்பியன், முடிவுக்கோட்டைத் தாண்டியும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போய் அந்தத் தடத்தின் கடைசிச் சுவரில்தான் முடிந்தார். அதன்பின் எல்லாரும் வலது தடத்திலேயே ஒவ்வொருவராக ஓட்டி நேரத்தை ஒப்பிட்டுக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால், "இடது பக்கம் தூசி" என்பார்கள், மாவீரர்கள்.

இறுதிச் சுற்றில் மட்டும் இரண்டு காரும் சேர்ந்து ஓடியாக வேண்டும். ஆறு வருஷம் முட்டிமோதி அவள் எட்டிய முதல் இறுதிச் சுற்று. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தது இடது.

"விலகிட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கம்மா," என்றார் எதிராளி.

"மொதல்ல வேர்வையத் தொடைங்கண்ணே. கண்ணுல எறங்குது."

கார் மெக்கானிக்கான சித்தப்பாவோடு தடத்தில் நடந்து பார்த்தாள். யாரும் ஓட்டாத தடம் தூசி படிந்து வழுக்க வேண்டும். நாலாவது அடியில் அவள் ஷூ தரையோடு ஒட்டிக்கொண்டது. டயர் தேய்ந்து படிந்த ரப்பர், கறுப்பாக, பிசுபிசுவென்று. கருகிய வாசனை இன்னும் ஆறவில்லை.

"புது ரப்பர்," சித்தப்பாவின் குரல் உள்ளே போயிருந்தது. "வேணாம்டா. வீட்டுக்குப் போயிடலாம்."

"இவ்ளோ நல்ல பிடி இருக்கு. எதுக்குப் போகணும்?"

தண்ணீர் தெளித்த இடத்தில் பின் டயர்களைச் சுழலவிட்டுச் சூடேற்றினாள். புகை எழும்பி அவள் கார்மேல் மட்டும் கலையாமல் நின்றது.

பச்சை விளக்கு.

டயர் வழுக்கினால் காலை மயிரிழை தளர்த்தி மறுபடி மிதிப்பதுதான் வித்தை. அதற்கு வேலையே வரவில்லை. தரை அவளைப் பிடித்து எறிந்தது. எதிராளிக்கு ஒரு கார் நீளம் முன்னால் கோட்டைத் தாண்டினாள்.

காலை எடுத்தாள்.

கால் வரவில்லை.

அவள் பாதத்தின்மேல் இன்னொரு பாதம் இருந்தது. கனமாக. சூடாக.

சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"நான் ஜெயிச்சாச்சு," என்றாள் மெதுவாக. "கால எடுங்க."

அது இன்னும் அழுத்தியது.

"இது என் வண்டி."

இடது காலால் கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலில் தள்ளி, அதே காலைப் பிரேக்குக்கு மாற்றினாள். இன்ஜின் அலறியது. சுவருக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. பாதத்தின்மேல் இருந்த கனம், கோபித்துக்கொண்டதுபோல், சட்டென்று விலகியது.

திரும்பி வந்தபோது தொடக்கக் கோட்டில் எல்லாரும் ஒரே விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காரின் முன்சக்கரம் கோட்டில் வந்து நின்றால் மட்டுமே எரியும் மஞ்சள் விளக்கு, காலியாகக் கிடந்த இடது தடத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. சித்தப்பா அந்த விளக்கின் ஒயரையே பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கி, அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"இந்தத் தடம் இப்ப என்னோடது. ஓட்டணும்னா அந்தப் பக்கம் வாங்க."

விளக்கு அணைந்தது.

வலது தடத்தில் எரிந்தது.